கொழும்பில் ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டிலே சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை பதினோராந் திருமுறையிலும் இடம்பெற்று, எமது வீடுகளிலும் கோயில்களிலும் பாராயண நூலாக விளங்குவது. ஏனைய நான்கும் பொருநன், பாணன், கூத்தன் என்னுங் கலைஞரைப் பற்றியன. ஒரு வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியிலே பசியோடு எதிர்ப்படும் இன்னொரு கலைஞனைக் கண்டு, இன்ன வழியாற் சென்று இன்னானைக் காண்பாயாக என்று ஆற்றுப்படுத்துவதே அந்நூல்களின் அமைப்பு. இவற்றைப் படிக்கும்போது நாம் பெரும்பாலும் வள்ளலின் கொடையையே வியக்கின்றோம். கரிகாலனையும் நல்லியக்கோடனையும் நினைவில் வைத்துக்கொள்கின்றோம். வழி சொன்னவனை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. அவன் வாய் திறவாமற் போயிருக்கலாம். ஒரே தொழில் செய்வோரிடையே பொறாமை உண்டாவது உலகியல்பு. அவ்வாறிருந்தும், தான் கண்ட நிழலை மற்றவனுக்கும் காட்டிவிட்டுப் போகின்றான் அக்கலைஞன்.

இத்தகைய ஒருவர் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே நமது தீவிலேயே வாழ்ந்தார். அவர் தமிழரல்லர், சைவருமல்லர். பறங்கியர் குலத்திலே தோன்றி, ஆங்கிலத்திலே சிந்தித்து, கொழும்புக் கறுவாத்தோட்டத்திலே வசித்தவர். எனினும், ஈழத்திலே புதிய சித்திரக்கலை தோன்றிய கதையை எழுதப் புகுவோர் அவருடைய வாசற்படியைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. அவ்வாசலில் யாழ்ப்பாணத்தார் ஒருவருடைய காலடியும் பதிந்திருக்கின்றது. அதனை எம்மவரே மறந்துவிட்டனர்.

லயனல் வென்ற் 1900ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் ஹென்றி லொறன்ஸ் வென்ற் உயர்நீதிமன்ற நீதியரசர்; 1906இல் அமைந்த புகைப்பட அபிமானிகள் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். மைந்தருக்குப் பத்துப் பதினொரு வயதாகும்போதே தந்தையார் காலமானார். தாயாரும் 1918இல் மறைந்தார். அடுத்த ஆண்டு இங்கிலாந்து சென்ற வென்ற், ஒரு பக்கம் சட்டமும் மறுபக்கம் பியானோ வாத்தியமும் பயின்றார். பாரிஸ்டர் பட்டமும் றோயல் இசை அக்கடமியின் பயிற்சியுமாக 1924இல் திரும்பி வந்தவர், நீதிமன்றத்துப் படிகளைச் சில காலம் மிதித்துவிட்டு அத்தொழிலைக் கைவிட்டார். அப்புக்காத்துத் தொழில் கிடைத்தும் அதனை உதறிய பிள்ளையை எமது ஊரில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். குடும்பச் சொத்து இருந்தபடியால் அவருக்கு அது இயன்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பியானோவில் அவர் பெற்றிருந்த தேர்ச்சி மேடையேறிப் பொதுமக்கள்முன் வாசிக்கத்தக்க தேர்ச்சி. அக்கால ஐரோப்பாவிலே புதிதாக ஆக்கப்பட்ட இசையை இலங்கையார் முதன்முதலாகக் கேட்டது பெரும்பாலும் அவருடைய விரல்களின் வழியாகத்தான். பின்னர் கமராவிலே மனஞ் செலுத்தினார். 1934இல் இலங்கைப் புகைப்படச் சங்கத்தை நண்பரோடு சேர்ந்து நிறுவினார். 1938இல் இலண்டன் கமராக் கழகத்திலே அவருடைய படங்கள் மட்டும் கொண்ட தனிக்காட்சி நடைபெற்றது. லைக்கா கமராவைச் செய்யும் லைட்ஸ் கம்பெனியார் அதற்கு ஆதரவளித்தனர். ஆகவே, தன் கலையில் ஒன்றும் முடியாமற்போனவர் பிறரைத் தூக்கிவிடும் வேலையை மேற்கொண்டார் என்று யாரும் சொல்ல இடமில்லை. புகழ் நிறைந்த கையோடுதான் அவர் பிறர் கையைப் பற்றினார்.

அவர் முதலிற் கைகொடுத்தது ஜோர்ஜ் கீற்றுக்கு. கீற் 1901இல் கண்டியிலே பிறந்தவர். வென்றுக்குச் சில மாதங்களே இளையவர். கண்டித் திரித்துவக் கல்லூரியிற் படித்தும் படிப்பிலே பெயரெடுத்தவரல்லர். மல்வத்தை விகாரையின் அயலிலே வாழ்ந்து, பிக்குமாரோடு பழகி, பௌத்த நூல்களையும் சிங்கள இலக்கியத்தையும் கற்று, கவிதையும் கட்டுரையும் எழுதிக்கொண்டிருந்தார். தூரிகையை உறுதியாகக் கையிலெடுத்தது 1927ஆம் ஆண்டளவில், இருபத்தாறாம் வயதில். பொருளீட்டத் தெரியாதவர். அவர் வரைந்த உருவங்களோ, அக்காலக் கனவான்களின் கண்களை உறுத்துவன.

அக்காலச் சித்திரச் சூழ்நிலையைச் சிறிது விளக்கிச் சொன்னாலன்றி இதன் அருமை புலப்படாது. 1891இல் நிறுவப்பட்ட இலங்கைக் கலைச் சங்கமே அப்போது சித்திரம் பற்றிய தீர்ப்பு வழங்கும் சபையாக இருந்தது. ஆங்கிலேய அக்கடமியின் முறைகளே அங்கே அளவுகோல். தென்னை சாய்ந்து நிற்கும் கடற்கரை, அந்தி மேகம், கூடை சுமக்கும் பெண், பெருமகன் ஒருவரின் உருவப்படம் — இவற்றை உள்ளது உள்ளபடி தீட்டியவர்க்குப் பதக்கம் கிடைக்கும். அத்தகைய படங்களிலும் திறமை இல்லாமலில்லை. முதலியார் அமரசேகரவைப் போன்றோரின் கைவன்மையைக் குறைத்துப் பேசுவது எமது நோக்கமன்று. ஆனால், சிகிரியாவின் சுவரோவியத்தையும் விகாரைச் சித்திரத்தையும் கோயிற் சிற்பத்தையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தைப் பார்த்து எழுதும் நாடாக இலங்கை இருந்தது என்பது உண்மை. ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1908இல் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலை வெளியிட்டு எச்சரித்திருந்தார். அந்நூலைக் கற்றவர் சிலர். அதன்படி தூரிகை பிடித்தவர் அப்போது இல்லையென்றே சொல்லலாம்.

இச்சபைக்குள் முதற் கல்லை எறிந்தவர் ஓர் ஆங்கிலேய உத்தியோகத்தரே. 1920இல் வித்தியா பகுதியின் சித்திர வித்தியாதரிசியாக வந்த சி. எப். வின்ஸர், பாரிசிலே பிறந்த புதிய போக்குகளை நேரில் அறிந்தவர். 1932 வரை இங்கே தங்கிய காலத்தில், பிள்ளைகளுக்குப் பிரதி எடுக்கும் சித்திரப் பாடத்தைக் குறைத்து, கண்டதையும் கருதியதையும் வரையும் வழியைக் காட்டினார். கீற்றையும், பம்பாயிற் சித்திரம் பயின்று வந்த ஜெப்றி பெலிங்கையும் அவர் ஊக்கினார். அவர் போனபின் அவ்வுத்தியோகத்தில் அமர்ந்தவர் அந்தப் பெலிங்கே. வின்ஸர் என்னும் பெயரை வாசகர் நினைவில் இருத்திக்கொள்வாராக. யாழ்ப்பாணத்திலே அதனை மறுபடி சந்திப்போம்.

வென்ற் கீற்றுக்குச் செய்தது யாது? படங்களை விலைகொடுத்து வாங்கினார். ஐரோப்பாவிலிருந்து வருவித்த புத்தகங்களையும் படப்பிரதிகளையும் படிக்கக் கொடுத்தார். காட்சிகள் நடைபெற வழிசெய்தார். பத்திரிகைகளிலே கண்டனம் வந்தபோது பேனா எடுத்து மறுத்தார். நண்பர்களையும் வாங்கச் செய்தார். ஏழைக் கலைஞனுக்கு இவை யாவும் வேண்டியனவே. ஆயினும், எமது கருத்தில், இவை எல்லாவற்றிலும் மேலானது ஒன்றுண்டு. கீற்றின் படத்தைத் திருத்தச் சொல்லாமை. தான் விரும்பிய பாணியைச் சொல்லி வரைவித்துப் பணங் கொடுக்கும் புரவலர் உலகில் நிரம்ப உண்டு. கலைஞன் எங்கே போகின்றான் என்பது தனக்கே முற்றும் விளங்காத போதும், போகட்டும் என்று விட்டு, விளக்கு மட்டும் பிடிப்பவர் அரியர். தானும் ஒரு கலைஞராயிருந்தபடியாலேதான் வென்றால் அப்படி நிற்க முடிந்தது என்று நாம் நினைக்கின்றோம்.

1929இலும் 1930இலும் வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒரு சிறு வீட்டிலே சில்லி நாட்டுக் கொன்சல் ஒருவர் தனித்து வசித்தார். வயது இருபத்தைந்து. சம்பளம் ஒழுங்காக வராத உத்தியோகம், பேச்சுத்துணை இல்லை. அவரே பின்னர் 1971இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் பாப்லோ நெருடா. தம்முடைய வாழ்க்கை நினைவுகளில் அவர் வென்றைப் பற்றி நன்றியோடு எழுதியிருக்கின்றார். நகரத்தின் கலைவாழ்வுக்கு நடுநாயகமாக இருந்தவர் என்றும், தூரத்திலிருந்த தம் வீட்டுக்கு வாரந்தோறும் சைக்கிளில் ஆள்வசம் ஒரு சாக்குப் புத்தகம் அனுப்பிவைத்தவர் என்றும் கூறுகின்றார். அந்நாளில் நெருடாவை இலங்கையில் யார் அறிவார்? கீற்றின் சித்திரத்தைப் போற்றி 1930இல் எழுதியவர்களுள் அந்தக் கொன்சலும் ஒருவர். ஒரு வீட்டிலே வாசற்கதவு திறந்திருந்தால் யார் யாரைச் சந்திப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கீற்றைப் பற்றி எமது வாசகர் சிறப்பாக அறியவேண்டியது ஒன்றுண்டு. கிறிஸ்தவப் பறங்கிக் குடும்பத்திலே பிறந்த அவர், பௌத்தத்தின் வழியாக வந்து, ஈற்றில் கண்ணன்-ராதை கதையிலும் நாயிகா பாவங்களிலும் ஆழ்ந்தார். ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்திலே மொழிபெயர்த்து, அதற்குத் தாமே கோட்டுச் சித்திரங்களும் வரைந்தார். மொழிபெயர்ப்பு 1940இல் வெளிவந்தது. அதே காலத்தில், 1939-40இல், ஹரல்ட் பீரிஸ் என்னும் அன்பரின் வேண்டுகோளுக்கிணங்கப் பொரளைக் கோதமி விகாரையின் சுவர்களிலே புத்தர்பெருமானின் சரிதத்தைத் தீட்டினார். இந்துசமுத்திரத்தின் இக்கரையிலும் அக்கரையிலும் உள்ள இரண்டு பெருஞ் சமய மரபுகளும் ஒரு பறங்கியரின் கோட்டிலே கூடியது இலங்கைக்கே உரிய அதிசயம்.

சித்திரத்தோடு வென்றின் ஆதரவு நின்றுவிடவில்லை. கண்டி நடனம் அந்நாளில் பெரகரவோடும் கிராமத்துச் சடங்குகளோடும் அடங்கிக் கிடந்தது. ஆங்கிலம் படித்தவர் அதனைக் கலையென்று ஏற்க நாணினர். ஆடுவோரின் சாதி அவர்களுடைய கண்ணை மறைத்தது. எமது மேளகாரரையும் கூத்தரையும் நாம் நடத்திய விதத்தை எண்ணிப் பார்த்தால் இதிலே சிங்களவரை மட்டும் பழிப்பதற்கில்லை. வென்ற் அந்நடனக்காரரின் கிராமங்களுக்கே போனார். சுறம்பா, குணயா, உக்குவா ஆகியோரை உரிய மதிப்போடு அணுகினார். அவர்களைப் படம் பிடித்தார். கொழும்பாருக்கு எடுத்துச் சொன்னார். 1934இல் பசில் றைற் என்னும் ஆங்கில இளைஞர் தேயிலைப் பிரசார சபைக்காகப் படமெடுக்க வந்தபோது, அவரை நாட்டின் உட்பகுதிக்கு வழிகாட்டி அழைத்துச் சென்றவரும் வென்றே. தேயிலை விளம்பரத்துக்கென்று தொடங்கிய அம்முயற்சி 'இலங்கைக் கீதம்' என்னும் அரிய செய்திப்படமாக முடிந்தது. அதிலே பின்னணியிற் கேட்கும் குரல் வென்றுடையது; றொபேட் நொக்ஸ் 1681இல் எழுதிய நூலின் வாசகங்களை அவர் படிக்கின்றார். ஆடுவோர் அந்தக் கண்டிக் கலைஞர்கள். 1935இல் பிறசல்ஸ் நகரத்திலே அப்படத்துக்குப் பரிசு கிடைத்தது.

இனி 1943ஆம் ஆண்டுக்கு வருவோம். யுத்த காலம். முந்திய ஆண்டு ஏப்ரில் 5ஆந் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பிலே குண்டு போட்டிருந்தன. அரிசிக்குப் பங்கீடு. சித்திரத்தைப் பற்றிச் சிந்திக்க ஏற்ற காலமென்று யாருஞ் சொல்லமாட்டார். ஆனால், இளைஞர் காலம் பார்ப்பதில்லை. ஐவன் பீரிஸ் என்னும் இருபத்திரண்டு வயதுடையவர், கலைச் சங்கத்தின் நிழலில் இனிமேல் நிற்க முடியாது, தனியாக ஒரு குழு வேண்டும் என்று மூத்தோரை நெருக்கிக்கொண்டிருந்தார். ஐவன், பின்னாளில் சினிமாத்துறையிற் பெரும்புகழ் பெற்ற லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சகோதரர். அவருடைய விடாப்பிடியும் வென்றின் செல்வாக்கும் சேர்ந்தன. 1943 ஓகஸ்ட் 29ஆந் திகதி, கில்போர்ட் கிறசென்ற் 18ஆம் இலக்க வீட்டிலே கூட்டம் கூடிற்று. ஆண்டையே பெயராகச் சூடிய '43 குழு' அன்று பிறந்தது. அவ்வாண்டு நொவெம்பரிலே முதற் காட்சியும் நடந்தேறிற்று.

கூடியிருந்தோரைச் சற்றுப் பாருங்கள். கீற்றுக்கும் வென்றுக்கும் வயது நாற்பத்திரண்டு. இலண்டனிலே பயின்றுவந்த ஜஸ்ரின் தெரணியகலவுக்கு நாற்பது. இலண்டனிலும் பாரிசிலும் கற்று, தாகூரின் சாந்திநிகேதனத்திலே கற்பித்து மீண்ட ஹரி பீரிஸுக்கு முப்பத்தொன்பது. பெலிங் அரசாங்க உத்தியோகத்தர். ஜோர்ஜ் கிளாசன், பின்னர் கேலிச்சித்திரத்தாற் புகழ்பெற்ற ஓப்றி கொலற் ஆகியோரும் இருந்தனர். மஞ்சுசிறீ காவியுடுத்த பௌத்த பிக்கு. நாடெங்குமுள்ள விகாரைகளுக்குப் போய், அழிந்துபோகும் சுவர்ச்சித்திரங்களைப் பிரதிசெய்வதையே தவமாகக் கொண்டவர். றிச்சட் கேபிரியலுக்குப் பத்தொன்பது வயதே நிரம்பியிருந்தது. இவர்களோடு வடக்கேயிருந்து வந்த எஸ். ஆர். கனகசபை.

சாதி, மதம், மொழி, செல்வம், வயது ஆகிய ஐந்திலும் வேறுபட்டோர் ஒரே காட்சிச்சுவரிலே சமமாகப் படந் தொங்கவிட்டது சிறிய காரியமன்று. ஒரே பாணியைக் கைக்கொள்ள வேண்டுமென்ற விதியும் அக்குழுவிலே இருக்கவில்லை. எனினும், குறையையும் சொல்லிவைக்க வேண்டும். அக்குழு பேசியது ஆங்கிலம். அதன் காட்சிகளுக்கு வந்தோர் கொழும்பு மேட்டுக்குடியினர். சுதேச மொழியில் வாழ்ந்த பெருந்திரளான மக்களை அது எட்டவில்லை. 1956இல் நாட்டின் போக்கு மாறியபோது, அக்குழுவினர் அந்நியர்போலத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேபிரியலின் கதை இளைஞருக்கு உவப்பானது. மாத்தறையிற் பிறந்த அப்பிள்ளைக்குச் சித்திரத்தில் ஆசையிருந்தது. ஆசிரியர் வைத்துக்கற்கும் வசதியில்லை. முதலிற் கண்டுகொண்டவர் ஐவன் பீரிஸ். ஐவனே அப்போது மாணவர்தான். மூன்று வயதே மூத்தவர். தாமறிந்ததைக் கற்பித்துவிட்டு, தமது குருவாகிய ஹரி பீரிஸிடம் அழைத்துக்கொண்டு போனார். ஹரி பீரிஸ் பணம் பெறாது கற்பித்தார். ஆற்றுப்படைப் பாணன் செய்தது இதுவன்றி வேறென்ன? பின்னர் கேபிரியல் மண்ணின் மணங்கமழும் மாடுகளையும் உழவரையும் மீனவரையும் தீட்டிப் பெயர்பெற்றதோடு, தாமும் பல்லாண்டு பாடசாலையிலே சித்திரம் கற்பித்தார். அக்குழுவைத் தோற்றுவித்தோருள் நெடுநாள் வாழ்ந்தவர் அவர், 2016இல் மறைந்தார்.

குழு பிறந்து பதினாறு மாதங்கள் கழிவதற்குள், 1944 டிசெம்பர் 19ஆந் திகதி, வென்ற் திடீரெனக் காலமானார். நாற்பத்துநான்கு வயது. அவருடைய சகோதரர் ஹரியும் மறு ஆண்டே இறந்தார். அவர் மறைந்தபின் அவருடைய படங்களின் மூலச்சுருள்கள் அழிக்கப்பட்டுவிட்டன. இதனை எழுதும்போது எமக்கு மனம் வெதும்புகின்றது. அவர் தம் கையாற் பதித்த படங்கள் மட்டுமே எஞ்சின. அவற்றிலிருந்து தெரிந்தெடுத்தவை 1950இல் 'லயனல் வென்றின் இலங்கை' என்னும் நூலாக இலண்டனிலே வெளிவந்தன. வீடிருந்த நிலத்திலே நினைவு மண்டபம் எழுந்தது; நாடக அரங்கம் 1953 டிசெம்பரில் திறக்கப்பட்டது. கொழும்பிலே நாடகம் பார்க்கப் போகும் நம்மவர் பலர் 'வென்ற்' என்று சுருக்கமாக அழைப்பது ஒரு மனிதரின் பெயர் என்பதையும், அம்மேடை நிற்பது அவருடைய வீட்டு நிலம் என்பதையும் அறியார்.

தலைவர் போனால் கூட்டம் கலைவது வழக்கம். இங்கே அவ்வாறு நிகழவில்லை. செயலாளராக இருந்த ஹரி பீரிஸ் சுமையைத் தோளில் ஏற்றுக்கொண்டார். ஹரி பீரிஸ் சிறந்த உருவச் சித்திரக்காரர். ஆனால், பிறர் படங்களைக் காட்சிக்கு ஒழுங்குசெய்வதிலும், வாங்குவார் இல்லாதவற்றைத் தாமே வாங்கிச் சேர்ப்பதிலும், பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்பிப்பதிலும் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டார். இன்னும் சில நூறு படங்கள் அவர் தீட்டியிருக்கலாமே என்று இரங்குவோர் உண்டு. நாம் அப்படி இரங்கவில்லை. அவர் சேர்த்துவைத்திராவிட்டால் அக்காலத்துப் படங்களிற் பல எங்கே போயிருக்குமென்று யாராலும் சொல்ல முடியாது. 1974இல் அவர் தம் வீட்டையும் திரட்டிய சித்திரங்களையும் சபுமால் நிதியமாக்கி நாட்டுக்கு விட்டார். பார்ன்ஸ் பிளேசிலுள்ள அவ்வீட்டின் பழைய ஓட்டுக்கூரையின்கீழ் அப்படங்களைக் காணலாம்.

குழுவின் புகழ் கடல் கடந்தது. 1952இல் இலண்டனிலும், 1953இல் பாரிசிலுள்ள பெற்றி பலே அரண்மனையிலும் அவர்களுடைய காட்சிகள் நடந்தன. 1956இல் வெனிஸ் நகரத்துச் சர்வதேசக் காட்சியிலே ஜஸ்ரின் தெரணியகலவின் 'மீன்' என்னும் சித்திரம் யுனெஸ்கோப் பரிசைப் பெற்றது. கீற்றுக்கு இந்தியாவிலே பெருமதிப்பு உண்டாயிற்று. 1993 வரை வாழ்ந்து தொண்ணூற்றிரண்டு வயதில் மறைந்தார். மஞ்சுசிறீ பின்னர் துறவாடையைக் களைந்து இல்லறம் புகுந்தார். அவர் பிரதிசெய்த விகாரைச் சித்திர வடிவங்கள் 1977இல் நூலாயின. 1979இல் மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. வென்றின் படங்களே 2017இல் ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரத்துப் புகைப்பட நூதனசாலையிலே தனிக்காட்சியாக வைக்கப்பட்டன.

இப்பொழுது வடக்கே திரும்புவோம். எஸ். ஆர். கனகசபை வட மாகாணத்திலே சித்திர வித்தியாதரிசியாகப் பணியாற்றியவர். வித்தியாதரிசி என்றால், வந்து, பார்த்து, குறை எழுதிவிட்டுப் போகும் உத்தியோகத்தராகவே எமது ஆசிரியர்கள் கண்டிருப்பர். கனகசபை அவ்வாறு போய்விடவில்லை. கொழும்பிலே 43 குழு தோன்றுவதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1938இல், யாழ்ப்பாணத்தில் ஒரு சித்திரக் கழகத்தை நிறுவினார். அதற்கு அவர் இட்ட பெயர் வின்ஸர் கழகம். பாடசாலைகளிலே சித்திரம் கற்பித்த ஆசிரியர்களே அதன் அங்கத்தவர். ஓய்வுநாட்களிலே கூடி, தூரிகை பிடிக்கும் முறையையும் வர்ணம் கலக்கும் முறையையும் பயின்று, வயல்வெளியையும் கடற்கரையையும் மனிதமுகத்தையும் தீட்டினர். கற்றவர் மறுநாள் வகுப்பறைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். கொழும்புக் குழுவினரைப்போல் அவர்கள் பாரிசைக் கண்டவரல்லர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வர்ணம் வாங்கியவர்கள். தரகுக்காரரோ, படம் வாங்கும் செல்வரோ, எழுதி ஆதரிக்கும் விமர்சகரோ அவர்களுக்கு இருக்கவில்லை. எமது ஊர்ச் செல்வர் சுவரில் மாட்டியது இரவிவர்மாவின் அச்சுப்படமும் கலண்டர்ப் படமுமே. தெய்வப்படத்தை வாங்கியதற்காக நாம் குறைகூறவில்லை. அயல்வீட்டுச் சித்திரக்காரனுக்கும் ஓர் ஆணி அடித்திருக்கலாம் என்கின்றோம்.

அக்கழகத்தின் வழிவந்த பெனடிக்ற் என்னும் ஆசிரியரிடம் தொடக்கப் பாடம் பயின்றவர் அ. மாற்கு. 1933இல் குருநகரிலே பிறந்த அவர், பின்னர் கொழும்பு அரசாங்க நுண்கலைக் கல்லூரியிலே கற்று மீண்டார். வின்ஸர் கழகத்தின் உள்ளதை உள்ளபடி தீட்டும் முறையோடு அவர் நிற்கவில்லை. உருவத்தைச் சிதைத்தும் சேர்த்தும், கிடைத்த எப்பொருளையும் ஊடகமாக்கியும் வரைந்தார். 1959இல் அவர் யாழ்ப்பாணத்தில் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தொடங்கினார். பெயரே அதன் நிலைமையைச் சொல்லும்: விடுமுறை கிடைத்தாலன்றி ஓவியனாக இருக்க முடியாத ஊர். பல்லாண்டு ஊதியம் கருதாது அவர் கற்பித்தார். நிலாந்தன், வைதேகி, அருந்ததி முதலானோர் அவரிடம் பயின்றவர்கள். வீதியிலே துவக்குச் சத்தம் கேட்ட எண்பதுகளிலும் அவ்வகுப்புக்கள் நடந்தன. ஒவ்வொரு மாணவரும் மாற்குவைப்போலவே வரையாமல் தத்தம் கோட்டைக் கண்டுகொண்டதில், வென்றிடத்து நாம் மதித்த அதே பண்பு தெரிகின்றது.

1995 ஒக்ரோபர் மாத இறுதியிலே வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்தது. கையிற் பிடித்ததைச் சுமந்துகொண்டு நடந்தவர்களுள் மாற்குவும் ஒருவர். ஓவியங்களைச் சுமக்க முடியாது. வாழ்நாள் முழுவதும் வரைந்தவற்றிற் பெரும்பகுதி அவ்விடப்பெயர்வோடு போயிற்று. பின்னர் மன்னாரிலே தங்கி, அங்கேயும் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்தார். 2000ஆம் ஆண்டிலே அங்கேயே காலமானார். அவருடைய மாணவரும் நண்பரும் 1987இல் அவரைச் சிறப்பித்து வெளியிட்ட 'தேடலும் படைப்புலகமும்' என்னும் நூல் கிடைக்கின்றது. அழிந்துபோன பல படங்களின் சாயலை அதிலேதான் இனிப் பார்க்க வேண்டும்.